ஆபரேஷன்ஸ்புரோ: என் மாடி யார்டுக்கு வந்த டி.என்.சி.

1979-இல் ஜோலார்பேட்டை யார்டில் வேலைக்குச் சேர்ந்தபோது என் கையில் மூன்று பொருள் கொடுத்தார்கள்: ஒரு கை விளக்கு, ஒரு நோட்டு, ஒரு துண்டு சாக்பீஸ். வேலைக்குப் பெயர் ட்ரெயின்ஸ் கிளார்க், சுருக்கமாக டி.என்.சி. பழைய ஆட்கள் நம்பர் டேக்கர் என்பார்கள். கூட்ஸ் வண்டி வந்து நின்றதும் இன்ஜின் பக்கமிருந்து கடைசியில் இருக்கும் பிரேக் வேன் வரை நடக்க வேண்டும். வேகன் நம்பர், எந்த ரயில்வேயுடையது, என்ன வகை, லோடா எம்டியா, எங்கே போகிறது, எல்லாம் நோட்டில் ஏற வேண்டும். எங்கே போகிறது என்பதை வேகன் பக்கவாட்டில் செருகியிருக்கும் லேபிள் சொல்லும். மழையில் ஊறி லேபிள் போய்விட்டால் அந்த வேகன் அனாதை. அன்கனெக்டட் என்று பதிந்துவிட்டு, எங்கே ஏற்றியது, யார் சரக்கு என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாகக் கேட்டுக்கொண்டிருப்போம்.

2017-இல் ஓய்வு பெற்றேன். மாடி அறையில் ஹெச்.ஓ. அளவில், அதாவது 87-இல் ஒரு பங்காக, ஒரு மாடல் ரயில் லேஅவுட் கட்டினேன். தண்டவாளம் போட்டு, வேகன் கோத்து, இன்ஜின் ஓடி, முதல் ஆறு மாதம் சந்தோஷமாகத்தான் போனது. பிறகு ஒருநாள் வண்டி சுற்றிவருவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மனசுக்குள் உறுத்தியது. ஓடுகிற வேகன் ஒன்றுக்காவது லேபிள் இல்லை. எல்லாமே அன்கனெக்டட். முப்பத்தெட்டு வருஷம் ரயில்வே சம்பளம் வாங்கியவனுக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

அந்தக் குறையைத் தீர்த்த மென்பொருள் ஆபரேஷன்ஸ்புரோ. இரண்டு வருஷமாக வாரம் ஒருமுறையாவது பயன்படுத்திவிட்டுத்தான் எழுதுகிறேன். மாடல் ரயிலில் சரக்கு வண்டிகளை நிஜ ரயில்வே மாதிரித் திட்டமிட்டு ஓட்ட வேண்டும் என்ற ஆசை இருந்தால் இதைவிட நல்லது நான் பார்க்கவில்லை. கற்றுக்கொள்ளப் பொறுமை வேண்டும், நிறையவே வேண்டும்.

ஆபரேஷன்ஸ்புரோ தனி மென்பொருள் கிடையாது. ஜே.எம்.ஆர்.ஐ. என்ற இலவசத் தொகுப்பில் ஒரு பகுதி. மாடல் இன்ஜினுக்குள் இருக்கும் டிகோடர் சிப்புகளுக்கு நம்பர் போடும் டிகோடர்புரோ, கன்ட்ரோல் பேனல் வரையும் பேனல்புரோ எல்லாம் அதே தொகுப்பில் வரும். ஜாவாவில் எழுதியது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ராஸ்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரிலும் ஓட்டுகிறார்கள். என் மகன் ஒதுக்கிப்போட்ட பழைய லேப்டாப்பில் என்னுடையது ஓடுகிறது. முக்கியமான விஷயம், இதற்கு லேஅவுட்டோடு கம்பி இணைப்பு எதுவும் வேண்டாம். டி.சி.சி. என்ற டிஜிட்டல் கட்டுப்பாடு இல்லாமல் பழைய கண்ட்ரோலரில் வண்டி ஓட்டுகிறவரும் இதைப் பயன்படுத்தலாம். காகிதத்தில் பட்டியல் தருவதுதான் இதன் வேலை. அந்தப் பட்டியல்படி வண்டியை நகர்த்துவது நம் வேலை.

இலவசம் என்றதும் யாரோ பொழுதுபோக்காகப் போட்டு விட்டுவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். ஜே.எம்.ஆர்.ஐ.யைத் தொடங்கிய பாப் ஜேக்கப்சன் கலிஃபோர்னியாவில் இயற்பியல் பேராசிரியர். இந்தத் திட்டத்தின் ஃபைல்களை உரிமத்தில் சொன்னபடி நடக்காமல் வேறொருவர் எடுத்துப் பயன்படுத்தியதாக அவர் வழக்குப் போட்டார். 2008-இல் அமெரிக்க ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், இலவசமாகக் கொடுத்தாலும் உரிமத்தின் நிபந்தனைகளுக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் பலம் உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. இன்று உலகம் முழுக்கத் திறந்த மூல மென்பொருள்காரர்கள் மேற்கோள் காட்டுகிற வழக்கு, பொம்மை ரயிலிலிருந்து போன வழக்கு. படித்தபோது எனக்கு உண்மையாகவே பெருமையாக இருந்தது.

என் லேஅவுட்டைச் சொன்னால்தான் மற்றது புரியும். சுவர் ஓரமாக எல் வடிவத்தில் பலகை. ஒரு கை பதினொரு அடி, இன்னொரு கை ஏழு அடி. பெரிய கையில் ஒரு ஜங்ஷன் யார்டு, மூன்று லைன். சின்னக் கையில் கிளைப்பாதையின் கடைசி ஊர். மேட்டுப்பட்டி என்று பெயர் வைத்திருக்கிறேன். அங்கே கூட்ஸ் ஷெட், சர்க்கரை ஆலை சைடிங், உணவு தானியக் கோடவுன், இரண்டு டேங்கர் நிற்கும் ஆயில் சைடிங். அலமாரிக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் இரண்டு லைன். அதுதான் மெட்ராஸும் சேலமும். இந்த மறைவு லைன்களை அமெரிக்கக்காரர்கள் ஸ்டேஜிங் என்கிறார்கள். நாடக மேடைக்குப் பின்னால் நடிகர் காத்திருக்கிற இடம் மாதிரி. அமெரிக்காவில் ஃபிராங்க் எலிசன் என்பவர் 1940-களிலேயே லேஅவுட்டை மேடையாகவும் வண்டிகளை நடிகர்களாகவும் வைத்து எழுதியிருக்கிறார்.

காலத்தை வேண்டுமென்றே 1980-க்குப் பக்கத்தில் வைத்தேன். இப்போது நம் ரயில்வேயில் ஒரு கூட்ஸ் என்றால் முழு ரேக். 58 பாக்ஸ்-என் வேகன், எல்லாவற்றிலும் நிலக்கரி, ஏற்றிய இடத்திலிருந்து இறக்கும் இடம் வரை ஒரே மூச்சு. ஒரு பாக்ஸ்-என் நீளம் 10.713 மீட்டர். 58-ஐக் கோத்தால் 621 மீட்டர், ஹெச்.ஓ.வில் ஏழு மீட்டருக்கு மேல். என் அறைக்குள் அது திரும்பவே முடியாது. திரும்பினாலும் யார்டில் பிரிப்பதற்கோ சேர்ப்பதற்கோ எதுவும் இருக்காது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அப்படி இல்லை. ஒரு வியாபாரி ஒரே ஒரு வேகன் கேட்டு இன்டென்ட் போடுவார். அந்த ஒரு வேகன் நாலு யார்டில் நின்று, நாலு வண்டியில் தொற்றிக்கொண்டு போகும். அமெரிக்காவில் தனி வேகன் சரக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆபரேஷன்ஸ்புரோவின் மொத்த யோசனையும் அந்தத் தனி வேகனைச் சுற்றித்தான். அதனால்தான் அது என் பழைய யார்டுக்கு இவ்வளவு பொருந்துகிறது.

இதற்கு முன் ஒரு வருஷம் அட்டை முறையில் ஓட்டினேன். அதுவும் அமெரிக்க வழி. 1961-இல் டக் ஸ்மித் என்பவர் பத்திரிகையில் எழுதிப் பிரபலமானது. வேகனுக்கு ஓர் அட்டை, அதில் ஒரு பாக்கெட். பாக்கெட்டுக்குள் வேகன் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் வே-பில் சீட்டு. சீட்டில் நாலு பக்கம், நாலு ஊர். ஒரு பயணம் முடிந்ததும் சீட்டைத் திருப்பிச் செருகினால் அடுத்த ஊர் தெரியும். நம் வேகன் லேபிளுக்கு அண்ணன் தம்பி உறவு என்று சொல்லலாம். எனக்கு ரொம்பப் பிடித்த முறை. இருபது வேகனுக்குள் வைத்திருப்பவர்களுக்கு இன்றும் அதைத்தான் சொல்வேன். ஆனால் நாலு பயணம் முடிந்ததும் அதே நாலு ஊர் திரும்பி வரும். இரண்டு மாதத்தில் எந்த வேகன் எங்கே போகும் என்று மனப்பாடம் ஆகிவிடுகிறது. என் பேரன் ஒருநாள் அட்டைகளைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்து வைத்துவிட்டான். அன்றைக்கு ராத்திரி முழுக்க 1981 மாதிரி உட்கார்ந்து ஒவ்வொரு வேகனாகத் தேடிச் சேர்த்தேன்.

ஆபரேஷன்ஸ்புரோவில் முதலில் ஊர்களைப் பதிய வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் லைன்களைப் பதிய வேண்டும். லைன் நாலு வகை: யார்டு, ஸ்பர் (நம் சைடிங்), இன்டர்சேஞ்ச் (வேகன் கைமாறும் இடம்), ஸ்டேஜிங். பிறகு வேகன்கள், இன்ஜின்கள். பிறகு ரூட், கடைசியாக ட்ரெயின். இந்த வரிசை மாறினால் தலை சுற்றும். மென்பொருளோடு வருகிற வேகன் வகைகள் எல்லாம் அமெரிக்க வகைகள். பாக்ஸ்கார், ரீஃபர் என்று இருக்கும். அவற்றை நீக்கிவிட்டு சி.ஆர்.டி. (மூடிய வேகன்), கே.சி. (திறந்த வேகன்), டி.பி. (டேங்கர்), பி.ஓ.எக்ஸ். (பெரிய திறந்த வேகன்) என்று நம் வகைகளைப் போட ஒரு மாலை போதும். ரயில்வே பெயர்களும் அப்படியே. சதர்ன், சென்ட்ரல், வெஸ்டர்ன் எல்லாம் ஏற்றினேன். பிரேக் வேனை கபூஸ் என்று குறித்து, இந்த வண்டிக்கு கபூஸ் வேண்டும் என்றும் சொல்லிவிட்டால் வண்டியின் வாலில் அதுவே சேர்த்துக்கொள்ளும்.

நீளக் கணக்கில் நான் மூன்று நாள் மாட்டிக்கொண்டேன். புதிதாக வருகிறவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். என் நாலு சக்கர வேகன் கப்ளரோடு சேர்த்து 10 சென்டிமீட்டர். யார்டு லைன் ஒவ்வொன்றிலும் பாயின்ட், அதாவது தடம் பிரியும் இடம், தட்டாமல் நிறுத்தும் நீளம் ஒரு மீட்டர். பத்து வேகன் நிற்க வேண்டும். ஹெச்.ஓ.வில் ஓர் அடிக்கு 3.5 மில்லிமீட்டர். ஆக, லைன் 286 அடி, வேகன் 29 அடி. இரண்டையும் அப்படியே பதிந்தேன். எட்டு வேகனுக்கு மேல் போட மாட்டேன் என்றது. அளவுநாடாவை எடுத்து இரண்டு தடவை அளந்தேன். விஷயம் என்னவென்றால், பதியும் நீளத்தோடு கப்ளருக்கென்று நாலு அடியை அதுவே கூட்டிக்கொள்கிறது. 29 என்று நான் போட்டது உள்ளே 33 ஆகிவிட்டது. வேகனின் உடல் நீளமான 25-ஐ மட்டும் போட்டதும் ஒன்பது வேகன் நின்றது. பத்தாவது வேகன் நாலைந்து அடியில் தவறுகிறது. அதை நான் விட்டுவிட்டேன். நிரம்பி வழிகிற லைனில் ஷன்டிங் செய்கிற பாடு எனக்குத் தெரியும்.

அந்த நிரம்பல்தான் அடுத்த பாடம். யார்டில் 27, மேட்டுப்பட்டி சைடிங்குகளில் 13, மறைவு லைன்களில் 16. மொத்தம் 56 வேகனுக்கு இடம். என்னிடம் 52 வேகன் இருந்தது. பாதி நானே பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டி ஒட்டியது. மீதி ஆன்லைனில் ஒரு கடையில் வாங்கியது. அந்தக் கடை அனுப்பியவற்றில் ஐந்துக்குக் கப்ளர் உயரம் தப்பு. கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. நானே சரி செய்தேன். அவ்வளவு பாடுபட்ட வேகன்களை அலமாரியில் பூட்ட யாருக்கு மனசு வரும். 52-ஐயும் ஏற்றினேன். மூன்றாவது ஆட்டத்தில் யார்டு அடைத்துக்கொண்டது. வண்டியை உருவாக்கச் சொன்னால் இடமில்லை, இடமில்லை என்றே பதில். வேகனை எடுக்க வேண்டுமானால் இன்னொன்றை எங்காவது வைக்க வேண்டும், வைக்க இடம் கிடையாது. ஜங்ஷன்களில் பண்டிகைக் கால நெருக்கடியில் நாங்கள் பார்த்த அதே நிலைமை. இருபது வேகனை எடுத்து அலமாரியில் வைத்தேன். 32-இல் நின்றது. அன்றிலிருந்து அடைப்பே இல்லை. கொள்ளளவில் நூற்றுக்கு அறுபதைத் தாண்டக் கூடாது என்பது என் அனுபவம். அலமாரியில் இருப்பவை வீண் போகவில்லை. மாதம் ஒருமுறை நாலைந்தை மாற்றி இறக்குகிறேன்.

எல்லாவற்றையும்விட இந்த மென்பொருளில் எனக்குப் பிடித்தது, சைடிங்குக்கு ஷெட்யூல் போடும் வசதி. ஒன்றும் போடாவிட்டால் லோடு, எம்டி என்று மாறி மாறிப் போகும். சைடிங்கில் வைத்த லோடு காலியாகும், காலியாக வைத்தது நிரம்பும். அதுவே போதும் என்பவர்கள் அதோடு நிற்கலாம். எனக்குப் போதவில்லை. சர்க்கரை ஆலைக்கு இப்படி எழுதினேன்: சி.ஆர்.டி. வேகன் காலியாக வர வேண்டும், சர்க்கரை ஏற்றிப் போக வேண்டும். ஆயில் சைடிங்குக்கு டேங்கர் மண்ணெண்ணெயோடு வர வேண்டும், காலியாகத் திரும்ப வேண்டும். கோடவுனுக்கு கோதுமையோடு வந்து காலியாக வெளியே வர வேண்டும். அப்போது ஒரு காரியம் நடந்தது, பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டேன். கோடவுனில் கோதுமை இறக்கிய காலி சி.ஆர்.டி.யை எடுத்து, பக்கத்திலேயே இருக்கும் சர்க்கரை ஆலைக்கு வைக்கச் சொல்லிப் பட்டியல் வந்தது. எம்டி வேகன் எங்கே கிடைக்கும் என்று தேடித் தேடி நாங்கள் செய்த வேலை அது. வெளியிலிருந்து காலி வேகன் வரக் காத்திருக்காமல் பக்கத்து சைடிங் எம்டியைத் திருப்பிவிடுவது. யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. இரண்டு சைடிங்கின் தேவையை நேர்மையாக எழுதியதால் தானாக வந்தது.

சரக்கு வண்டி என்றால் லோடு மட்டும்தான் எல்லார் கண்ணுக்கும் தெரியும். நிஜத்தில் யார்டின் வேலையில் பாதி எம்டியைத் துரத்துவது. டேங்கரில் கோதுமை ஏற்ற முடியாது, திறந்த வேகனில் சர்க்கரை ஏற்ற முடியாது. அதனால் காலியாக ஓடித்தான் ஆக வேண்டும். மாடலில் இது இல்லாவிட்டால் எவ்வளவு அழகாகப் பெயின்ட் அடித்தாலும் அது கண்காட்சியாகத்தான் நிற்கும். ஷெட்யூலில் காத்திருப்பும் போடலாம். சர்க்கரை வேகன் ஏற்றி முடிய இரண்டு வண்டி வந்துபோகும்வரை விடாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன். அன்றைய கூட்ஸ் கார்டு (வண்டியின் பொறுப்பாளர்) அதைத் தொடாமல் சுற்றி ஷன்டிங் செய்ய வேண்டும். வேலை இரட்டிப்பாகிறது, நிஜமாகவும் ஆகிறது.

வண்டி நேரங்களுக்கு வருகிறேன். பாசஞ்சருக்கு டைம்டேபிள் உண்டு. கூட்ஸ் பாதை கிடைக்கிறபோது போகும், செக்‌ஷன் கன்ட்ரோலர் சார்ட்டில் கோடு இழுக்கிறபோது போகும். ஆனாலும் ஒரு வரிசை உண்டு. வெளியிலிருந்து வரும் கூட்ஸ் ஜங்ஷனுக்கு வந்து, பிரித்து, கிளைக்குப் போகும் பிக்கப் கூட்ஸில் சேர்த்த பிறகுதான் அது கிளம்ப வேண்டும். நான் முதலில் போட்ட திட்டத்தில் பிக்கப் கூட்ஸ் காலை ஆறு மணிக்கு. மெட்ராஸ் கூட்ஸ் வருவதோ ஏழரைக்கு. அன்று வந்த கோதுமை மறுநாள் வரை யார்டிலேயே கிடந்தது. இப்போது மெட்ராஸ் கூட்ஸ் 5:40, பிக்கப் 8:15, பிக்கப் திரும்பி வந்த பிறகு கிளம்பும் கூட்ஸ் 11:00. எட்டரைக்கு ஒரு பாசஞ்சர் போவதால் பிக்கப் கூட்ஸ் வழியில் லூப்பில் ஒதுங்க வேண்டும். அந்த ஒதுங்கல்தான் என் பேரனுக்குப் பிடித்த கட்டம்.

கடிகாரத்தை ஒன்றுக்கு நாலாக ஓட்டுகிறேன். தொகுப்பிலேயே அந்த வேகக் கடிகாரம் இருக்கிறது. ஒன்றரை மணி நேர ஆட்டத்தில் ஆறு மணி நேரம் நகரும். என் கையில் ஒரு வேகனை எடுத்து வைக்கச் சராசரி மூன்று நிமிடம். கடிகாரத்தில் அது பன்னிரண்டு நிமிடம். ஆறு வேகன் வேலை இருந்தால் 72 நிமிடம் ஆகும். இந்தக் கணக்கைப் போடாமல் நேரம் எழுதினால் எல்லா வண்டியும் லேட்டாகத்தான் ஓடும். ஒரு வேகனுக்கு எத்தனை நிமிடம், ஊருக்கு ஊர் எத்தனை நிமிடம் என்று செட்டிங்கில் சொல்லிவிட்டால் சேரும் நேரத்தை மென்பொருளே கணித்துப் பட்டியலில் போடுகிறது. ரூட்டில் ஒவ்வொரு ஊருக்கும் அதிகபட்சம் எத்தனை வேகன் வேலை என்று கட்டுப்படுத்தலாம். மேட்டுப்பட்டிக்கு எட்டு வைத்திருக்கிறேன். பத்து வைத்தபோது 11:00 மணி கூட்ஸ் தினமும் தாமதம்.

எல்லா வண்டிக்கும் காலையிலேயே பட்டியல் எடுத்துவிடலாமே என்று தோன்றும். எடுக்கலாம், ஆனால் ஒரு வண்டிக்கு ஒதுக்கிய வேகனை அந்த வண்டி சேர்ந்துவிட்டது என்று நாம் பதியும் வரை சாதாரணமாக இன்னொரு வண்டிக்கு அது கொடுப்பதில்லை. மெட்ராஸ் கூட்ஸ் வந்து சேர்ந்ததைப் பதிந்த பிறகு பிக்கப்புக்குப் பட்டியல் எடுங்கள். வண்டி வந்து, டி.என்.சி. நடந்து, நம்பர் எடுத்து, பிறகு அடுத்த லிஸ்ட் போடுவோம். எங்கள் வரிசையும் அதுதான்.

பில்ட் என்ற பொத்தானை அழுத்தினால் இரண்டு காகிதம் கிடைக்கும். ஒன்று மேனிஃபெஸ்ட், கார்டு கையில் கொடுப்பது. இன்னொன்று பில்ட் ரிப்போர்ட், ஏன் இந்த வேகனை எடுத்தேன், ஏன் அதை விட்டேன் என்று மென்பொருள் சொல்லும் விளக்கம். முதல் மாதத்தில் நான் இந்த ரிப்போர்ட்டைத் திறக்கவே இல்லை. அது என் தப்பு. சி.ஆர்.டி. 41763 என்று ஒரு வேகன். நான் முதன்முதலில் கையால் செய்தது, கூரை ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். அது கூட்ஸ் ஷெட்டில் போய் நின்றது நின்றதுதான். ஐந்து ஆட்டம் ஓடியும் எந்த வண்டியும் அதைத் தொடவில்லை. மறுபடி ஓர் அன்கனெக்டட் வேகன் என்று மனசு கனத்தது. கடைசியில் ரிப்போர்ட்டை மிக விரிவு என்ற அளவில் வைத்துப் படித்தேன். கூட்ஸ் ஷெட் லைனில் கிழக்கே போகும் வண்டிக்கு மட்டும் டிக் போட்டிருந்தேன். ஜங்ஷன் திரும்பும் வண்டி மேற்கே போவது. அதற்கு அந்த லைனில் அனுமதியே இல்லை. ஒரு டிக். அடுத்த ஆட்டத்தில் 41763 கிளம்பியது. கோளாறு எதுவானாலும் முதலில் பில்ட் ரிப்போர்ட்டைப் படியுங்கள்.

மேனிஃபெஸ்ட்டின் வாசகங்களை நமக்கு வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம். பிக் அப், செட் அவுட் என்று இருந்ததை அட்டாச், டிடாச் என்று மாற்றினேன். முதல் தடவை அதை அச்செடுத்தபோது ஓய்வு பெற்ற கூட்ஸ் கார்டு நண்பர் ஒருவர் வந்திருந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். “மேட்டுப்பட்டி டிடாச் நாலு, அட்டாச் மூணு. சரி சார், லோடு எத்தனை, எம்டி எத்தனை?” என்று கேட்டார். அவர் கேட்ட தோரணையில் எனக்கு ஜோலார்பேட்டை கார்டு ரூம் நினைவு வந்துவிட்டது. அந்த விவரமும் காகிதத்தின் கீழே இருந்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டு பேனாவால் ஒவ்வொரு வேகனாக டிக் போட ஆரம்பித்தார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வந்துவிடுகிறார்.

குறைகளைச் சொல்கிறேன். ஜன்னலுக்குள் ஜன்னல் திறக்கிறது. ஒரே நேரத்தில் ஏழெட்டுத் திறந்து, எதில் என்ன செய்தோம் என்று மறந்துபோகிறது. திரை சின்னதாக இருந்தால் ரொம்பக் கஷ்டம். உதவிப் பக்கங்கள் விரிவாக இருந்தாலும், எல்லாம் தெரிந்தவருக்கு நினைவூட்டும் தொனியில் இருக்கின்றன. இங்கிலீஷில் தடுமாறுகிறவருக்கு அது ஒரு மலை. ஸ்டேஜிங் லைனில் இருக்கும் வேகன் அத்தனையும் அந்த வண்டியில் கிளம்பியே ஆக வேண்டும் என்பது இதன் சட்டம். அதில் ஒரு வேகனுக்குப் போக வழியில்லாவிட்டால் மொத்த வண்டியும் உருவாகாது. காரணம் தெரியாதவர்கள் அங்கேதான் கைவிடுகிறார்கள். அப்புறம், எந்த வேகனை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லுமே தவிர, அதை எந்த வரிசையில் ஷன்டிங் செய்து வைப்பது என்று சொல்லாது. அதை நான் குறையாகச் சேர்க்க மாட்டேன். அது ஷன்டிங் மாஸ்டரின் மூளைக்கு உள்ள வேலை. அதையும் கம்ப்யூட்டர் செய்துவிட்டால் நாம் எதற்கு.

இன்றைய முழு ரேக் காலத்தை மாடல் செய்கிறவர்கள் என்ன செய்வது என்று கேட்பார்கள். கெர்னல் என்று ஒரு வசதி இருக்கிறது. பல வேகன்களை ஒரே கொத்தாகக் கட்டிவிட்டால் பிரியாமல் சேர்ந்தே போகும். பத்துப் பன்னிரண்டு வேகன் ரேக்கை அப்படி அனல்மின் நிலையத்துக்கும் துறைமுகத்துக்குமாக ஓட்டலாம். நடக்கும், ஆனால் இந்த மென்பொருளின் ருசி அதில் தெரியாது. கிளைப்பாதையில் ஒரு பிக்கப் கூட்ஸையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் யோசனை: எடுத்தவுடன் இரண்டு ஊர், பத்து வேகன், ஒரு வண்டி மட்டும் பதியுங்கள். அது சரியாக ஓடிய பிறகு மற்றதைச் சேர்த்துக்கொள்ளலாம். வேகன் பட்டியலை எக்ஸெல் மாதிரி ஒன்றில் அடித்து சி.எஸ்.வி. ஃபைலாக உள்ளே ஏற்றலாம், முப்பது வேகனை ஒவ்வொன்றாக அடிக்க வேண்டாம். பெரிய மாற்றம் செய்யும் முன் பேக்கப் எடுங்கள். அதற்கென்றே மெனுவில் வசதி இருக்கிறது. புதுப் பதிப்புகள் பழைய ஜாவாவில் ஓடாது, பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். காசு கொடுக்க வேண்டாம். விருப்பப்பட்டால் நன்கொடை தரலாம், நான் தந்தேன்.

பட்டியல் கையில் இருந்தாலும், வண்டி வந்து நின்றதும் யாராவது ஒருவர் நடந்து பார்த்து வேகன் நம்பரைச் சரிபார்க்க வேண்டும் என்று எங்கள் மாடியில் ஒரு விதி வைத்திருக்கிறேன். பட்டியலில் ஒன்று இருக்கும், லைனில் வேறொன்று நிற்கும். போன வாரம் ஆயில் டேங்கர் இரண்டும் இடம் மாறி நின்றிருந்தன. பேரன்தான் கண்டுபிடித்தான். “தாத்தா, இது 20418 இல்ல, 20481” என்றான். அந்த வேலையை அவனுக்கே கொடுத்துவிட்டேன். சின்ன டார்ச், ஒரு நோட்டு, பென்சில். விளக்கை அணைத்துவிட்டு, குனிந்து, ஒவ்வொரு வேகனாக நம்பர் படித்துக்கொண்டே பிரேக் வேன் வரை போகிறான்.